மரத்தடியா, கருவறையா? வாழ்வின் பொருள் தேடும் சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இயற்கையில் பொருள் தேடுவதற்கும் சமயம் சொல்லும் ‘கடந்த நிலை’க்கும் என்ன வேறுபாடு?

பொருள் இங்கேயே இருக்கிறதா, இதைக் கடந்தால்தான் கிடைக்குமா என்பதுதான் வேறுபாடு. இயற்கை வழியில் நிற்பவர், “இந்த உயிர்ச் சங்கிலியில் நான் ஒரு கண்ணி, அது போதும்” என்பார். சமய வழியில் நிற்பவர், “சங்கிலி என்றால் கைவிலங்கும்தான். அதற்கு வெளியே ஒன்று உண்டு, அதைச் சேர்வதே பிறவிப் பயன்” என்பார். நல்ல நாளில் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். துக்கம் வரும்போதும், கடமை கசக்கும்போதும், சாவு நெருங்கும்போதும்தான் வழி பிரியும். ஆகவே எது உயர்ந்தது என்ற பட்டிமன்றத்தைவிட, அந்த மூன்று இடத்திலும் எது உங்களைத் தாங்குகிறது என்று பார்ப்பதே பயன்.

‘கடவுள்’ என்ற சொல்லைக் ‘கடந்தும் உள்ளும் இருப்பவர்’ என்று மேடையில் பிரித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ‘செய்யுள்’ என்பதில் வருவது போல இங்கும் ‘உள்’ வெறும் விகுதிதான் என்று கொள்வதே இலக்கணத்துக்குப் பொருந்துகிறது. சொல்லைப் பிளந்து தத்துவம் எடுப்பதில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்.

தமிழ் மரபில் இந்தப் பிரிவினை இருந்ததா, இடையில் வந்ததா?

பழைய அடுக்கில் இல்லை என்றே சொல்லலாம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வத்தை உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் இவற்றோடு ஒரே வரிசையில் கருப்பொருளாக வைக்கிறது. முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன். அந்தக் கணக்கில் தெய்வம் நிலத்துக்கு மேலே நிற்பதில்லை, நிலத்தில் விளைகிறது.

பிறவிப் பிணி, வீடுபேறு என்ற பேச்சு வலுத்த பிறகுதான் ‘இதைக் கடக்க வேண்டும்’ என்ற குரல் ஓங்கியது. அப்போதும் மரபுகள் ஒரே விடையைச் சொல்லவில்லை. அத்வைதத்தில் உலகத்துக்குப் பிரம்மத்தை விட்டுத் தனி மெய்மை இல்லை. சைவ சித்தாந்தத்தில் உலகம் உண்மையானது. உயிரின் அழுக்கைக் கழுவ இறைவன் தந்த கருவி அது. வண்ணான் உவர்மண்ணைப் போட்டே துணியின் அழுக்கை எடுப்பான் என்பது அவர்கள் சொல்லும் உவமை. கழுவி முடிந்தால் உவர்மண்ணையும் அலசிவிட வேண்டியதுதான். ராமாநுஜர் (பிறந்தது 1017, நம் ஸ்ரீபெரும்புதூரில்) உலகம் இறைவனின் உடல் என்றார். மரத்தையும் ஆற்றையும் விட மனமில்லை, பெருமாளையும் விட மனமில்லை என்பவருக்கு இந்த மூன்றில் அதிக இடம் தருவது ராமாநுஜரின் விசிஷ்டாத்வைதம் என்பது எங்கள் கணிப்பு.

இஸ்லாத்தில் படைப்பு இறைவனின் அத்தாட்சி. சிந்திக்கலாம், வணங்கக் கூடாது. கிறிஸ்தவத்திலும் படைப்பு நல்லது, ஆனால் படைத்தவர் வேறு. 2015இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழல் குறித்து எழுதிய சுற்றுமடலும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை.

இயற்கையே கடவுள் என்றால் அது நாத்திகம்தானே?

தத்துவவாதி ஸ்பினோசாவை 1656இல், அவருடைய 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் விலக்கி வைத்தது. ‘கடவுள் அல்லது இயற்கை’ என்ற தொடர் பின்னாளில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரை நாத்திகர் என்று திட்டியவர்களும் உண்டு, கடவுள் பித்தர் என்று கொண்டாடியவர்களும் உண்டு. பெயர் முக்கியமில்லை. நீங்கள் இயற்கையிடம் வேண்டுகிறீர்களா, அதைக் கவனிக்கிறீர்களா என்று பாருங்கள். வேண்டினால் சமயம், பெயர்ப்பலகை என்னவாக இருந்தாலும்.

மூன்றாவது வழி ஒன்றும் இந்த ஊரில் உண்டு. பெரியார் வழி வந்தவர்களுக்கு மரமும் தெய்வமில்லை, கருவறையும் தெய்வமில்லை. பொருள் மனிதரிடம்தான். இந்தப் பக்கம் அவர்களுக்காக எழுதியதல்ல என்றாலும் கீழே வரும் 48 நாள் சோதனையை அவர்களும் செய்து பார்க்கலாம்.

சென்னையில் இதற்கெல்லாம் எங்கே இடம் இருக்கிறது? ஊட்டிக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். மலைக்கு வருடத்துக்கு ஒரு முறை போவது சுற்றுலா. வாரத்துக்கு மூன்று நாள் போக முடிகிற இடம்தான் இதற்கு உதவும்.

பெசன்ட் நகர் கடற்கரை: ஒரே நடையில் கடல், அஷ்டலட்சுமி கோவில், வேளாங்கண்ணி மாதா ஆலயம் மூன்றும் இருக்கின்றன. மயானமும் அதே பகுதியில்தான். சென்னையில் மே இறுதியில் ஏறக்குறைய 5.42க்கும் ஜனவரி இறுதியில் 6.35 வாக்கிலும் சூரியன் எழும். அதற்கு அரை மணி முன்பே உட்கார்ந்துவிடுங்கள். வட்டம் மேலே வந்த பிறகு போனால் நடைப்பயிற்சிக் கூட்டம்தான் மிஞ்சும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். இந்தக் கரை சட்டென ஆழமாகும், இழுவை நீரோட்டமும் உண்டு. உடைந்த பாலத்துப் பக்கம் இருட்டில் தனியாகப் போக வேண்டாம்.

அடையாறு பிரம்மஞான சபை வளாகம்: 250 ஏக்கருக்கு மேல். சபை 1882இல் இங்கே வந்தது. ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. அதே தோப்புக்குள் இந்துக் கோவில், புத்தர் சன்னதி, தேவாலயம், மசூதி, பார்சிக் கோவில் எல்லாம் சிறிய அளவில் இருக்கின்றன. நீங்கள் கேட்கும் கேள்வியையே ஒருவர் வரைபடமாகப் போட்டு வைத்தது போன்ற இடம். பார்வை நேரம் குறைவு என்பதால் வாசலில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம்: உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வரும். துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையிலிருந்தே பார்க்கலாம். காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாறும். அதையும் சேர்த்துத்தான் இன்றைய இயற்கை. அழகான பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வழிபடுவதில் ஒரு பொய் இருக்கிறது.

கிண்டி: 1978இல் தேசியப் பூங்காவானது. பொதுமக்கள் தாராளமாகப் போகக்கூடியது சிறுவர் பூங்காப் பகுதிதான்.

ஆமை நடை: ஜனவரி முதல் மார்ச் வரை வார இறுதி இரவுகளில், 1988இல் தொடங்கிய மாணவர் ஆமைப் பாதுகாப்புக் குழு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பொதுமக்களையும் அழைத்துச் செல்வது வழக்கம். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் மணல் நடை. டார்ச், போன் வெளிச்சம் கூடாது, குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திசை மாறிவிடும்.

எனக்கு எது ஒத்துவரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யோசித்து முடிவு செய்ய முயலாதீர்கள், செய்து பாருங்கள். நம்மூரில் இதற்கு ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது: ஒரு மண்டலம், 48 நாள். முதல் மண்டலம் மரத்துக்கு, ஒரு வாரம் இடைவெளி விட்டு அடுத்தது வழிபாட்டுக்கு. ஒரே சமயத்தில் இரண்டையும் செய்தால் எது என்ன செய்தது என்று தெரியாது.

மர மண்டலம்: வீட்டிலிருந்து 300 தப்படிக்குள் ஒரு மரம். வண்டி எடுக்க வேண்டியிருந்தால் பத்தாம் நாள் நின்றுவிடும். வேம்பு, புங்கம், பூவரசு, தூங்குமூஞ்சி எதுவானாலும் சரி. போனை வீட்டில் வையுங்கள். தினமும் ஒரே நேரம், 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஒலி மட்டும். பத்து நிமிடம் பட்டையில் ஒரு சாண் அகலத்தை மட்டும் பாருங்கள், முழு மரத்தையும் அல்ல. கடைசி ஐந்து நிமிடம் நோட்டில் மூன்று வரி: பார்த்தது என்ன, எதிர்பாராதது என்ன, மனத்தில் நின்றது என்ன.

வழிபாட்டு மண்டலம்: கூட்டமில்லாத சிறிய கோவிலாகப் பாருங்கள். பிரதோஷத்தன்று மயிலாப்பூரில் தொடங்காதீர்கள். மூன்று சுற்று, ஒரே பதிகம், பிறகு 15 நிமிடம் பேசாமல் உட்காருவது. தொழுகையோ செபமோ உங்கள் வழக்கமென்றால் நாளில் ஒரு வேளையை இதற்கென்று குறித்துக்கொள்ளுங்கள். அதே மூன்று வரி. மாதவிலக்கு நாட்களில் கோவிலுக்குப் போகாத வழக்கமுள்ள வீடானால் அன்றைய அமர்வை வீட்டிலேயே முடிக்கலாம், அதுவும் கணக்கில் சேரும்.

கெடுவது எங்கே என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதல் வாரம் உற்சாகம். 15ஆம் நாளிலிருந்து 25 வரை சலிப்பு. அப்போது மரத்தை மாற்றுவார்கள், கோவிலை மாற்றுவார்கள். மாற்றக் கூடாது. சலிப்பு வந்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் 48 நாள். இரண்டாவது கேடு பட்டியல். இன்று எத்தனை பறவை என்று எண்ணத் தொடங்கினால் அது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் வேறு கேள்விக்கான விடை. மூன்றாவது வேண்டுதல். விசா, மதிப்பெண், வரன் என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் சோதனை முழுவதும் அந்தப் பலனோடு கட்டப்பட்டுவிடும். வேண்டுதல் தவறல்ல, அதை வேறு கோவிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம், கடைசியில் ஒரு நாள் கூட்டினால் போதும்.

முடிந்ததும் மூன்றாவது வரிகளை மட்டும் ஒரே மூச்சில் படியுங்கள். வாழ்வின் பொருளை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்: வாழ்க்கை புரிகிறது என்ற ஒத்திசைவு, எதற்காக என்ற நோக்கம், நான் இருப்பதற்கு மதிப்புண்டு என்ற உணர்வு. எது எதை ஊட்டியது என்று குறியுங்கள். மரம் ஒத்திசைவைத் தாராளமாகத் தரும், நோக்கம் தருவதில் கஞ்சம் என்பது எங்கள் கணிப்பு. அது யாரையும் எதுவும் செய்யச் சொல்லாது. சமயம் நேர் எதிர்: செய்ய வேண்டியதை முதல் நாளே கையில் கொடுத்துவிடும், புரிவது பின்னால் வரும், சிலருக்கு வராமலும் போகும்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இயற்கையில் இருந்தால் போதும் என்று ஓர் ஆய்வு இருக்கிறதாமே?

2019இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் பதில்களைப் பார்த்தார்கள். வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் இருந்ததாகச் சொன்னவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்தான் வெளியே போகிறாரா, வெளியே போவதால் நலமா என்பதை அது தீர்க்கவில்லை. மேலும் மனநிறைவு வேறு, வாழ்வின் பொருள் வேறு. கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடக்கும் தாய்க்கு முதலாவது குறைவாகவும் இரண்டாவது நிறையவும் இருக்கலாம்.

கடலைப் பார்த்தபோது ‘நான்’ என்பதே கரைந்துபோனது. அது ஆன்மிக அனுபவமா?

இருக்கலாம். உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் இதற்கு நான்கு அடையாளம் சொன்னார்: சொல்லில் அடங்காது, ஏதோ ஒன்றை அறிந்துகொண்டதாகத் தோன்றும், நீடிக்காது, நாமாக வரவழைத்ததாக இல்லாமல் நம்மை ஆட்கொண்டதாக இருக்கும். கடற்கரையிலும் கருவறை முன்பும் இந்த நான்கும் வரக்கூடும். அனுபவம் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. ‘அது சிவம்’ என்பதும் ‘அது மூளை’ என்பதும் அதன் மேல் நாம் பிறகு போர்த்தும் விளக்கம். விளக்கத்தை எழுத அவசரப்படாதீர்கள். அன்று நடந்ததை மட்டும் எழுதி வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து வீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள்: என்னிடம் ஏதாவது மாறியிருக்கிறதா?

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நாளாகத் தூக்கமே இல்லை, களைப்பும் தெரியவில்லை, பேச்சு நிற்காமல் ஓடுகிறது, தனக்கென்று பெரிய பணி ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்றால் முதலில் மனநல மருத்துவர், குருவெல்லாம் பிறகு.

இயற்கை கொடூரமானது இல்லையா? அதில் என்ன பொருள்?

2004 டிசம்பர் 26 காலையில் இதே கடல்தான் ஏறி வந்தது. 2015 டிசம்பரில் இதே அடையாறுதான் வீடுகளுக்குள் புகுந்தது. கடலை அன்னை என்று மட்டும் சொல்லி வைத்திருப்பவரின் நம்பிக்கை அன்று உடைந்தது. கடலுக்குப் போகும் மீனவர் குடும்பங்களுக்கு அது தாயும்தான், எமனும்தான். இயற்கை வழியில் நிலைக்க வேண்டுமானால் இந்தக் கணக்கு வேண்டும்: அது உங்களை நேசிக்கவில்லை, வெறுக்கவும் இல்லை.

எல்லாவற்றையும் இயற்கையின் தலையில் கட்டவும் கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை காற்றை மூச்சிழுக்கும் உயிர். இழுவை வலையில் சிக்கி நேரத்துக்கு மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் சாகும். அது விதியல்ல, வலையின் அமைப்பு. மாற்றக்கூடியது.

சமய வழிக்கும் இங்கே எளிய விடை இல்லை. கர்மவினை என்பது தனக்கு வந்த துயரத்தைத் தாங்க ஒருவர் தாமே சொல்லிக்கொள்ளும்போது மருந்து. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவரிடம் அடுத்தவர் சொன்னால் அது கல்.

சாவு விழுந்த வீட்டில் இயற்கை வழி என்ன தரும்?

நேர்மையாகச் சொன்னால், முதல் பதினாறு நாளுக்கு அதனிடம் அதிகம் இல்லை. சமயத்தின் பெரிய பலமே அங்கேதான்: யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது குளிக்க வேண்டும், எப்போது அழலாம் என்று எல்லாம் வகுத்திருக்கிறது. எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கைக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. நம்பிக்கை இல்லாதவரும் தர்ப்பணத்தில் நிற்கலாமா என்று கேட்கிறார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு அது தேவையென்றால் நில்லுங்கள். பொய்யாக மந்திரம் சொல்ல மனமில்லை என்றால் அமைதியாக நின்றாலே போதும், யாரும் உதட்டைப் பார்ப்பதில்லை.

சாம்பலில் மரம் வளர்க்க விரும்புபவர்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். முழுச் சாம்பலையும் குழியில் கொட்டி அதன் மேல் கன்றை வைப்பார்கள், கன்று கருகிவிடும். எரிந்த எலும்புச் சாம்பல் காரத்தன்மையும் உப்பும் மிகுந்தது. ஒரு கைப்பிடி மட்டும் எடுத்து, ஒரு கூடை மக்கிய எருவிலும் மண்ணிலும் கலந்து, வேரில் நேரடியாகப் படாமல் குழியின் ஓரமாகப் போடுங்கள். மீதியைக் கடலில் கரைத்துவிடலாம், மண்பானையையும் துணியையும் அங்கே வீச வேண்டாம். குழி இரண்டடி நீளம், அகலம், ஆழம். ஆடி கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் நட்டால் மழை பார்த்துக்கொள்ளும். கடலோரமென்றால் புன்னை, பூவரசு. உள்ளே தள்ளியென்றால் மகிழம், புங்கம், வேம்பு. சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டு குல்மோகர் வேண்டாம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்த பிறகு சாலைகளில் குறுக்கே கிடந்தவற்றில் அதுவும் நிறைய.

இன்னொன்று: நினைவு மரம் பட்டுப்போனால் இரண்டாவது சாவு போல இருக்கும். அதனால் ஒன்று வைக்கும் இடத்தில் மூன்று வையுங்கள், எது ‘அப்பா மரம்’ என்று குறிக்காதீர்கள்.

கோவிலுக்கு வரவில்லை என்று அம்மா வருத்தப்படுகிறார். என்ன செய்வது?

விவாதம் செய்யாதீர்கள், வண்டி ஓட்டுங்கள். அம்மாவைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு வெளிப் பிரகாரத்தில் காத்திருங்கள். அவருடைய வருத்தம் பெரும்பாலும் உங்கள் தத்துவத்தைப் பற்றியது அல்ல, கூட யாரும் வரவில்லை என்பதைப் பற்றியது.

எனக்கு மரத்திலும் ஒன்றுமில்லை, கோவிலிலும் ஒன்றுமில்லை. எல்லாமே வெறுமையாக இருக்கிறது.

இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, வேலை ஆகியவையும் கெட்டிருந்தால் அது தத்துவக் கேள்வி அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். 48 நாள் சோதனையைத் தொடங்க வேண்டாம், “இதிலும் தோற்றேன்” என்ற எண்ணமே மிஞ்சும். அரசின் மனநல உதவி எண் டெலிமனஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் போக வேண்டுமென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் புறநோயாளர் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், அப்போதே பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு அழையுங்கள்.

நம்பிக்கை இல்லாதவர் கோவில் மரத்தடியில் உட்காரலாமா?

தாராளமாக. இரண்டு வழியும் ஒரே இடத்தில் சந்திப்பது தலமரத்தடியில்தான். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலில் புன்னை, அம்பாள் மயிலாகப் பூசித்தது அதன் அடியில் என்பது தலபுராணம். திருவான்மியூரில் வன்னி. திருவொற்றியூரில் மகிழம், சுந்தரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று சத்தியம் செய்து கொடுத்த மரம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் திறந்தவுடன் போனால் கூட்டம் சேர்வதற்குள் அரை மணி கிடைக்கும். நம்பிக்கை இல்லாமல் தொட்டில் கட்டாதீர்கள், மஞ்சள் கயிறு சுற்றாதீர்கள், கயிறு நாளாக ஆகப் பட்டையை அறுக்கும். இலை பறிக்கக் கூடாது. கீழே உதிர்ந்த மகிழம்பூவை மடியில் சேர்த்துக்கொண்டு வரலாம். காய்ந்து பழுப்பேறிய பிறகும் அது மணக்கும்.